நீல மஃப்ளர் கட்டிய வருடம்

கனடாவின் ஸ்காபரோவில், கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்த காலம் அது. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி மாதம். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நாலைந்து பேர் பின்பக்கத்தில் லொறிகள் வந்து நிற்கிற இடத்தில் பந்தடிப்போம். பந்து என்றால் பந்தல்ல. பெட்டிகளுக்குள் வருகிற பஞ்சை உருட்டி, ஒட்டுநாடாவால் சுற்றிச் செய்தது. ஊரில் நான் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு இடது பக்கத்தில் ஓடியவன். இருபத்தெட்டு வயதாகியும் கால் மறக்கவில்லை.

ஒருநாள் அந்தப் பந்தை நான் தூரத்திலிருந்து அடிக்க, அது அடுக்கியிருந்த பலகைகளுக்கு மேலால் வளைந்து போய், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் ஐம்பது வயதுக்காரர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்து இளமையில் கனடாவுக்கு வந்தவர். அவர் பேசுகிற ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் விளங்கும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்து என் காலைப் பார்த்தார்.

"இடக்காலா?"

"ஓம், இடக்கால்தான்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "இடக்கால்காரன் என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம். நீ கத்தோலிக்கனா?"

"இல்லை, இல்லை. நான் இந்து."

"அப்ப சனிக்கிழமை காலையில் என்னோடு வா. உண்மையான ஆட்டம் காட்டுகிறேன்."

கிளாஸ்கோவில் கத்தோலிக்கரைக் கேலியாக இடக்கால்காரர் என்று சொல்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனால் அவர் கேட்ட உடனே, ஏனென்று தெரியாமலே, இரண்டு தரம் 'இல்லை' என்று அவசரமாகச் சொன்னேனே, அந்த அவசரத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஏனென்றால் நான் இருந்தது ஒரு கத்தோலிக்க வீட்டில்.

மோர்னிங்சைட்டில் ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி. வீட்டுக்கார அண்ணை மன்னார்க்காரர். தொழிற்சாலையில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். கனடாவுக்கு வந்த முதல் குளிருக்குள், தங்கியிருந்த இடத்தை விட்டு நான் எழும்பவேண்டி வந்தபோது, அவரும் அவருடைய மனைவியான அக்காவும் தங்கள் வீட்டின் சின்ன அறையை எனக்குத் தந்தார்கள். அந்த அறை அவர்களின் மகளுடையது. அவள் தன் கட்டிலைத் தாய் தகப்பனின் அறைக்குள் மாற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. இந்தக் கதை நடக்கும்போது பன்னிரண்டு. என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். கூடத்தில் மாதா படம் இருக்கும். அதற்குப் பக்கத்தில், என்னிடம் கேட்காமலே, அக்கா என்னுடைய பிள்ளையார் படத்துக்கும் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தா.

சனிக்கிழமை அந்த ஸ்கொட்லாந்துக்காரர் தன் வான் வண்டியில் வந்து என்னை ஏற்றிப்போனார். ஒரு பழைய மண்டபத்தின் பேஸ்மென்ற். சுவர் முழுக்க நீலக் கொடிகள். ஸ்கொட்லாந்தில் பின்னேரம் மூன்று மணி என்றால் எங்களுக்குக் காலை பத்து மணி. பதினொரு மணிக்கு முன்னர் பியர் ஊற்றச் சட்டம் விடாததால் அறுபது எழுபது ஆம்பிளைகள் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நிற்பார்கள். பெரிய ஆட்டம் என்றால் திரையில் ஓடும். மற்ற நாட்களில், ஸ்கொட்லாந்தில் இருக்கிற ஆரோ தன் வானொலிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தம் இங்கே ஒலிபெருக்கியில் கரகரவென்று வரும். அந்தக் கரகரப்பைக் கேட்டே அவர்கள் துள்ளிக் குதிப்பதும் தலையில் கைவைப்பதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஊரில் நாங்களும் வானொலியைச் சுற்றி அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

அவர்கள் பின்தொடர்கிற ஸ்கொட்லாந்து லீக்கில் பத்துக் கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நாலுமுறை ஆடவேண்டும். பத்தில் எட்டுக் கழகம் பேருக்குத்தான். உண்மையான சண்டை கிளாஸ்கோவின் இரண்டு கழகங்களுக்கிடையில். ஒன்று நீலச் சட்டை, மற்றது பச்சையும் வெள்ளையும். நீலச் சட்டைக்காரர் தொடர்ந்து ஒன்பது வருடம் வென்றிருந்தார்கள். பத்தாவதையும் வென்றால் அதுவரை எவரும் செய்யாதது. அந்தப் பத்தாவது வருடத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். இடக்காலை வைத்துத்தான். நான் படியிறங்கி உள்ளே வந்தாலே முழு மண்டபமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும். நான் கனடாவுக்கு வந்து ஆறு வருடம். அதுவரையில் ஓர் இடத்துக்குள் நான் நுழைந்ததைக் கண்டு ஆரும் சந்தோசப்பட்டுக் கத்தியதில்லை. ஐப்பசியில் அந்த ஸ்கொட்லாந்துக்காரர் தன்னுடைய நீல மஃப்ளர் ஒன்றை எனக்குத் தந்தார். மார்கழியில் பனிக்காலச் சப்பாத்து ஒரு சோடி தந்தார். பின்னேரங்களில் தொழிற்சாலையின் வெறும் தரிப்பிடத்தில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். அவரை நான் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. இந்தக் கதையில் வெட்கப்படவேண்டியவன் அவரல்ல.

மண்டபத்தில் பாட்டுகள் பாடுவார்கள். பெரும்பாலானவை கழகத்தைப் புகழ்கிற பாட்டுகள். நான் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் பாடமாக்கினேன். அவற்றில் ஒரு பாட்டுக்கு மட்டும் எல்லாரும் எழும்பி நின்று, தோளோடு தோள் பிடித்து, காலால் தரையில் உதைப்பார்கள். அந்தப் பாட்டுத் தொடங்கினால் ஒரு கிழவர் மாத்திரம் சிகரெட்டை எடுத்துக்கொண்டு படியேறி வெளியே போய்விடுவார். முடிந்த பிறகு வந்து தன் இடத்தில் இருப்பார். அவரும் நீல மஃப்ளர்காரர்தான். ஆரும் அவரை ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

தை மாதம் ஒருநாள் வானுக்குள் வைத்து ஸ்கொட்லாந்துக்காரரிடம் அந்தப் பாட்டின் அர்த்தத்தைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அது பழைய பாட்டு. கத்தோலிக்கரின் இரத்தத்தில் நாங்கள் நிற்கிறோம் என்று ஒரு வரி வரும். சரணடையாவிட்டால் சாவாய் என்று அடுத்த வரி. அவர்களிடமும் புரட்டஸ்தாந்துக்காரரான எங்களைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. தொண்ணூறு நிமிசத்துக்கு மட்டும்தான். பெரிதாக எடுக்காதே."

"சரி" என்றேன். அடுத்த சனிக்கிழமையும் பாடினேன்.

இதை நான் ஒருக்கால் தெளிவாகச் சொல்லவேண்டும். எண்பத்துமூன்றாம் ஆண்டு எனக்குப் பதினாலு வயது. கொழும்பில் மாமா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியபோது பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் குசினிக்குப் பின்னால் இருந்த விறகு அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினா. பகல் வெளிச்சம். தெருவால் ஒரு லொறி போனது. அதில் நின்றவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல நல்ல தாளம். எனக்குச் சிங்களம் சரியாக விளங்காது. ஆனால் அந்தப் பாட்டு ஆரைப் பற்றியது என்று விளங்கிற்று. மாமி என் வாயைத் தன் கையால் பொத்தி வைத்திருந்தா. அந்தக் கையின் மோதிரம் என் பல்லில் அழுத்தியது.

இதையெல்லாம் அனுபவித்தவன்தான் அந்த மண்டபத்தில் தரையை உதைத்துப் பாடினான். தெரியாமல் அல்ல. தெரிந்த பிறகும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோப்பை கழுவிக்கொண்டு அந்தப் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளை தலையை நிமிர்த்தினாள்.

"சித்தப்பா, வாட் இஸ் தற்? ஆரின்ரை பிளட்?"

"அது பந்தடிக்காரற்றை பாட்டு. பச்சைச் சட்டைக்காரரைப் பற்றினது."

"ஏன் அவையின்ரை பிளட்?"

"அவை அங்கை கத்தோலிக்கர். இவைக்கும் அவைக்கும் பழைய சண்டை."

"பட் நாங்களும் கத்தோலிக் தானே?"

"நீங்கள் வேறை. உது ஸ்கொட்லாந்துக் கதை."

அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தபடி கொஞ்சநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு கணக்குக்குத் திரும்பினாள். நான் பாட்டை நிறுத்தினேன். ஆனால் அவள் கேட்டது எனக்குள் இறங்கவில்லை. பிள்ளை கேட்ட கேள்வி என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் இரண்டு கழகமும் மாறிமாறி முன்னால் போய்க்கொண்டிருந்தன. சித்திரையில், இரண்டும் மோதுகிற கடைசி ஆட்டம் உயிர்த்த ஞாயிறன்று, ஈஸ்டரன்று, வந்தது. அக்கா ஒரு கிழமைக்கு முன்னமே சொல்லிவைத்தா.

"தம்பி, ஞாயிறு மத்தியானம் எங்கடை வீட்டிலை சாப்பாடு. எங்கடை கோயில் ஃபாதரும் வாறார். நீயும் நிக்கவேணும்."

"ஓம் அக்கா, கட்டாயம் நிக்கிறன்."

அதற்கு முந்திய தவக்காலம் நாற்பது நாளும் அந்த வீட்டில் மச்சம், மீனோ இறைச்சியோ, சமைக்கவில்லை. எனக்கு மட்டும் வேண்டுமென்றால் தனியாகச் சமைத்துத் தருவதாக அக்கா கேட்டா. நான் வேண்டாம் என்றேன். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவனாக நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உயிர்த்த ஞாயிறு காலையில் அவர்கள் கோயிலுக்குப் போன பிறகு, மஃப்ளரைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று ஒரு துண்டில் எழுதி வைத்தேன். எழுதும்போதே வரமாட்டேன் என்று தெரியும்.

அன்றைக்கு நீலச் சட்டைக்காரர் இரண்டு கோலால் வென்றார்கள். மண்டபம் இடிந்து விழும்போல இருந்தது. பத்தாவது கிண்ணம் கைக்குள் வந்துவிட்டதென்று எல்லாரும் நம்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். பின்னேரம் நாலு மணிபோல ஸ்கொட்லாந்துக்காரரின் வானில் ஆறு பேர் ஏறினோம். முதலில் என்னை இறக்குவது என்று ஏற்பாடு. நான் பக்கக் கதவோடு இருந்தேன். வழிமுழுக்கப் பாட்டு. எங்கள் கட்டடத்தின் தரிப்பிடத்துக்குள் வான் திரும்பும்போது அந்தப் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். கதவை நான் இழுத்துத் திறந்தேன்.

அண்ணை வீட்டார் மூன்று பேரும் ஃபாதரும் அங்கே நின்றார்கள். ஃபாதரை வழியனுப்ப இறங்கி வந்திருந்தார்கள். அண்ணையின் கையில் பலகாரப் பெட்டி. அக்கா நல்ல சீலை உடுத்திருந்தா. பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். ஃபாதர் தன் காரின் கதவில் கைவைத்தபடி நின்றார். அவர் வட அயர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர் என்று அக்கா எனக்கு முன்னமே சொல்லியிருக்கிறா.

நான் அவர்களைக் கண்டுவிட்டேன். அந்த வரி வருவதற்கு இன்னும் இரண்டு வரி இருந்தது. வாயை மூட எனக்கு நேரம் இருந்தது. ஆனால் வானுக்குள் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். இது நான் இருக்கிற இடம், வெளியே நிற்பவர்கள் என் ஆட்கள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிற மாதிரி எனக்குப் பட்டது. நான் வானின் படியில் எழும்பி நின்று, ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லாரையும்விட உரத்து அந்த வரியைப் பாடினேன். பாடிக்கொண்டே ஃபாதரைப் பார்த்தேன்.

அவருடைய முகத்தில் கோபம் வரவில்லை. நித்திரையால் எழுப்பப்பட்டவரைப் போல ஒரு பார்வை. அண்ணை பலகாரப் பெட்டியோடு சிரித்தார். தம்பி சந்தோசமாக வருகிறான் என்று நினைத்துச் சிரித்தார். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

ஃபாதரின் கழுத்துப் பட்டியைக் கண்டதும் ஸ்கொட்லாந்துக்காரர் திடீரென்று பாட்டை நிறுத்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி இருந்தார். நான் இறங்கினேன். வான் போய்விட்டது.

ஃபாதர் நடந்து என்னருகே வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"மகனே, நீ பாடியதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, ஃபாதர்" என்றேன். "என்னுடைய இங்கிலீஷ் அவ்வளவு காணாது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்பது கண்ணாலேயே தெரிந்தது. என் தோளில் கையை வைத்தார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோடைகாலத்தில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ஊர்வலம் தங்கள் தெருவால் போகுமென்றும், தாய் மேல்மாடித் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் இருத்துவா என்றும் சொன்னார். "உனக்குத் தெரிந்திருந்தால் பாடியிருக்கமாட்டாய். அது எனக்குத் தெரியும்" என்றார்.

விறகு அறையும், லொறியும், மாமியின் கையும் என் வாய்வரை வந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன்.

"என்ன தம்பி, ஃபாதர் என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"ஒண்டுமில்லை அண்ணை. சும்மா பந்தடிப் பாட்டு."

"உவனுக்கு உது விளங்காது ஃபாதர்" என்று அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எனக்காகப் பேசினார். "நல்ல பிள்ளை. எங்கடை வீட்டுப் பிள்ளை."

பிள்ளை தாயின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் நான் குசினியில் வைத்துச் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தால் அந்த இடத்திலேயே என் பொய் உடைந்திருக்கும். அவள் திறக்கவில்லை. நான்தான் முதலில் பார்வையை விலக்கினேன்.

மேலே போனபோது எனக்கென்று ஒரு கோப்பையில் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் மூடி வைத்திருந்தது. அக்கா சூடாக்கித் தந்தா. "நேரத்துக்கு வந்திருந்தால் ஃபாதரோடை இருந்து சாப்பிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னா. நான் சாப்பிட்டேன். பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்தநாள் வேலையில் ஸ்கொட்லாந்துக்காரர் என்னிடம் வந்தார்.

"அந்தப் பாதிரியார் உனக்கு ஆர்?"

"நான் இருக்கிற வீட்டுக்கு வருகிறவர். அவர்கள் கத்தோலிக்கர்."

அவர் கையுறையைக் கழற்றினார். "எட்டு மாதமாக என் வானில் வருகிறாய். ஒருநாளாவது சொன்னாயா? உனக்குச் சோறு போடுகிறவர்களின் வாசலில் அதைப் பாட நான் விட்டிருப்பேனா?"

அவருக்கும் அந்தப் பாட்டுப் பிழை என்று ஏதோ ஓர் இடத்தில் தெரிந்திருந்தது. எந்த வாசலில் பாடக்கூடாது என்றாவது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மண்டபத்துக்குப் போகவில்லை என்று சொல்ல ஆசை. போனேன். அந்தப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். கிழவரோடு படியேறி வெளியே போகிற துணிவு வரவில்லை. போனால் ஏனென்று கேட்பார்கள் என்ற பயம். உயிர்த்த ஞாயிறு வெற்றி நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு நீலச் சட்டைக்காரர் வெல்லவேண்டிய ஆட்டங்களைக் கோட்டைவிட்டார்கள். வைகாசியில் ஒரு சனிக்கிழமை கடைசி ஆட்டம். அன்று அவர்கள் வென்றார்கள். ஆனால் பச்சை வெள்ளைக்காரரும் தங்கள் ஆட்டத்தை வென்று இரண்டு புள்ளியால் கிண்ணத்தை எடுத்துப்போனார்கள். ஒலிபெருக்கியில் அது வந்ததும் ஸ்கொட்லாந்துக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். அவருடைய முதுகைத் தடவினேன். எனக்குக் கவலை வரவில்லை. முடிந்ததே என்றுதான் இருந்தது. அடுத்த ஆவணியில் அவர் கூப்பிட்டபோது, சனிக்கிழமைகளில் வேலை என்று ஒரு பொய் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. ஆனாலும் கார் ஓட்டுகிற பரீட்சைக்குத் தன் வானைத் தந்தார்.

அந்தக் கோடையில் நான் தனி இடம் எடுத்து மாறினேன். அண்ணையும் நானும் என் மெத்தையை லிஃப்ற்றுக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது, நாலாவது மாடி அளவில் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டின் அர்த்தத்தை, எனக்கு அது முன்னமே தெரிந்திருந்ததை, ஃபாதருக்குச் சொன்ன பொய்யை. மெத்தை நடுவில் நின்றதால் அவருடைய முகம் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

கதவு திறந்தது. அவர் உடனே வெளியே வரவில்லை.

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. அவளுக்கு முதலே தெரியும்."

"அதுதான் அவள் ஒரு மாதிரி நிண்டவள்." மூடப்போன கதவைக் காலால் தடுத்தார். "எனக்கேன் சொல்லுறாய்? அவளிட்டை சொல்லு. எங்களைவிட அவள்தான் கனநாள் வைச்சுக்கொண்டு திரிஞ்சவள்."

மறுபடி மேலே போனேன். அவள் தன் கட்டிலின் பலகைகளை அந்தச் சின்ன அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். அறை திரும்பக் கிடைத்த சந்தோசம் முகத்தில் இருந்தது. வாசலில் நின்று, நான் பொய் சொன்னது பிழை என்றேன். அந்தப் பாட்டைப் பாடினது அதைவிடப் பிழை என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சரியான சொல் எனக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் 'சொறி' என்றுதான் சொன்னேன்.

அவள் பலகையை விட்டு நிமிரவில்லை.

"இற்ஸ் ஓகே, அங்கிள்" என்றாள்.

கனடாவில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா ஆம்பிளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுடைய கலியாணத்தில் மேடையில் என்னை மாப்பிள்ளைக்கு அறிமுகம் செய்தபோதும், எங்களோடு கனகாலம் இருந்த அங்கிள் என்றுதான் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஃபாதருக்கு நான் சொல்லவேயில்லை. அடுத்த வருடம் அவர் வேறு கோயிலின் பங்குக்கு மாறிப் போய்விட்டார். எங்கே என்று அக்காவிடம் கேட்டிருக்கலாம். அக்கா சந்தோசமாகச் சொல்லியிருப்பா. நான் கேட்கவில்லை.